அமானிதமாய் விட்ட ஆடு

உம்மு குல்தூம் வரப்போகிறாள் என்ற செய்தியை எனக்குக் கொண்டுவந்தவன் மீன் விற்கிற றிஸ்மின். மோட்டார் சைக்கிளை வேலிப் படலையடியில் நிறுத்தி, சூடை மீனைப் பையில் போட்டுத் தந்துவிட்டு, பாண் விலை ஏறியதைச் சொல்வதுபோலச் சொன்னான்.

"அக்கா, ஒங்கட கூட்டாளி தில்லையடிக்கு வாறாவாம். நானாட மகள்ட கலியாணமாம். வெள்ளிக்கெழம."

சந்தோஷத்துக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. அவளுடைய அண்ணன் மகளின் கலியாணம், கற்பிட்டி முனை முழுக்க மீன் நாறத் திரிகிற இவனுக்குத் தெரிந்த விஷயம், எனக்குத் தெரியவில்லை. "எனக்குத் தெரியும்" என்று சொல்லிப் பையை வாங்கிக்கொண்டு திரும்பினேன். அவன் சிரித்துக்கொண்டே போனான். எனக்குப் பொய் சொல்ல வராது என்பது இந்தக் கரையில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

நான் நேரே போனது அடுப்படிக்கு அல்ல, ஆட்டுக் கொட்டிலுக்கு. சீமாட்டிக்குத்தான் முதலில் சொன்னேன். "கேட்டியா, உன்ர ஆள் வாறா." அவள் பூவரசங்குழையைச் சப்பியபடி என்னைப் பார்த்தாள். பிறந்து ஒரு மாதமான கிடாய்க்குட்டி அவள் மடியை முட்டிக்கொண்டிருந்தது.

என் மனுஷன் மகாலிங்கத்துக்குச் சாப்பாடு போடும்போதுதான் சொன்னேன். அவர் உடப்பு ஊர்க் கடல்தொழிலாளி. கடலில் கத்திக் கத்தித் தொண்டை போனதோ என்னவோ, வீட்டில் சிக்கனமாகத்தான் பேசுவார்.

"வாறது கலியாணத்துக்கு. உன்ர ஆட்டைப் பார்க்க இல்லை" என்றார்.

"என்ர ஆடு இல்லை. அவளின்ர ஆடு."

"அதைத்தானே ஊர் மூண்டு வருஷமாய்க் கேட்குது, அவளின்ர ஆடு உன்ர கொட்டிலில ஏன் நிக்குது எண்டு."

நான் மீன் குழம்புச் சட்டியைக் கொஞ்சம் சத்தமாகவே கீழே வைத்தேன்.

அந்தக் கேள்வி விளங்கவேண்டுமென்றால் எங்கள் சங்கத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் ஊர் எத்தாளையில் ஆடு வளர்க்கிற பெண்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. அதைத் தொடங்கியவள் குல்தூம். அவள் மன்னாரில் முசலிப் பக்கத்துப் பிள்ளை. தொண்ணூறாம் ஆண்டு அங்கிருந்து முஸ்லிம் சனத்தை வெளியேற்றியபோது, வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு இங்கே வந்தவள். நான் கிளிநொச்சிப் பக்கம். ஷெல்லுக்குப் பயந்து வள்ளத்தில் வந்து இறங்கி, உடப்பு மாப்பிள்ளையைக் கட்டி, இந்த மணலிலேயே தங்கிவிட்டவள். குழாயடியில் குடம் வைப்பதற்குச் சண்டை பிடித்துத்தான் நாங்கள் இரண்டு பேரும் கூட்டாளியானோம். அந்தச் சண்டையில் யார் வென்றது என்பதில் இன்னும் எங்களுக்குள் இணக்கம் இல்லை.

ஒரு தொண்டு நிறுவனம் வந்து எங்களுக்குச் சினை ஆடுகள் தந்தது. ஜமுனாபாரிக் கலப்பு, காது தோள்வரை தொங்கும். இலவசம்தான், ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. முதல் ஈற்றில் கிடாய் விழுந்தால் வீட்டுக்கு. மறி விழுந்தால், அந்தப் பெண்குட்டி பால் மறந்ததும் வரிசையில் நிற்கிற அடுத்த வீட்டுக்குக் கொடுக்கவேண்டும். நிறுவனம் கொஞ்சக் காலத்தில் ஜீப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அதற்குப் பிறகும் வரிசை குலையாமல் நின்றதற்குக் காரணம் குல்தூமின் வாய். அவள் தலைவி, நான் செயலாளர். என் எழுத்து வடிவு, அவளின் கதை வடிவு. இரண்டையும் சேர்த்தால் ஒரு முழு ஆள்.

எங்கள் ஆடுகள் பதுர்தீன் முதலாளியின் பீற்றூட் தோட்டத்துக்குள் பாய்ந்து, அவர் எல்லாவற்றையும் பிடித்துக் கட்டிவைத்த கதையை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்போம். குல்தூம் எங்களைக் கூட்டிக்கொண்டு போய் அவர் வீட்டு விறாந்தையில் இருத்தினாள். ஆட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தேத்தண்ணிதான் கேட்டாள். அத்தனை பேருக்கும் தேத்தண்ணி ஊற்றி முடிப்பதற்குள் முதலாளியின் மனைவி களைத்துவிட்டா. பிறகு குல்தூம் மெல்லச் சொன்னாள், வேலியை நீங்கள் கட்டுங்கள், ஆட்டெருவை நாங்கள் சாக்குச் சாக்காகத் தருகிறோம் என்று. இன்றைக்கும் அவருடைய தோட்டத்துக்கு எங்கள் எருதான் போகிறது.

ஆடு கொடுப்பதற்கு ஒரு முறை உண்டு. எங்கள் பக்கத்தில் ஆடோ மாடோ கைமாறும்போது கயிறு கைமாறாது. வாங்குகிறவள் தன் கயிற்றோடு வரவேண்டும். கொடுக்கிறவள் தன் கயிற்றை அவிழ்த்து எடுத்துத் தன் வீட்டுக் கூரை வளையில் கொழுவிக்கொள்வாள். கயிற்றையும் சேர்த்துக் கொடுத்தால் பட்டியே அழிந்துவிடும் என்பார்கள். கயிற்றை அவிழ்க்கும் வரைக்கும் ஆடு பழைய ஆளுடையதுதான், அது யார் வீட்டுக் குழையைத் தின்றாலும்.

நாட்டில் சண்டை முடிந்த அடுத்த வருஷம் லொறிகள் வரத் தொடங்கின. சனம் ஊருக்குத் திரும்பியது. தகரம், கதவு, அலுமாரி, அதற்கு மேல் ஆடு. ஒவ்வொரு லொறி போகும்போதும் எங்கள் வரிசையில் ஒருத்தியின் முகம் சுருங்கியது. அப்போதுதான் குல்தூம் கூட்டத்தில் எழும்பி அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தாள். ஊருக்குப் போகிறவர்கள் தங்கள் ஆட்டை வரிசையில் அடுத்தவளுக்குக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும்.

"நாங்க வந்த நேரம் இந்த ஊர் எங்களுக்கு இடம் தந்தது. போற நேரம் ஒரு ஆட்டையாவது விட்டிட்டுப் போவம்" என்றாள்.

முதலில் மாட்டியவள் மன்னாருக்குப் போன பாக்கியம்மா. அழுதுகொண்டே கயிற்றை அவிழ்த்து, குல்தூமைத் திட்டிக்கொண்டே லொறியில் ஏறினாள். குல்தூம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். இந்தச் சட்டம் ஒரு நாள் தன்னிடமும் வரும் என்று அவளுக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

வந்தது. அவளுடைய மனுஷன் பதியுதீன் முன்னாலேயே முசலிக்குப் போய்க் காடு வெட்டிக் கொட்டில் போட்டிருந்தார். லொறி றோட்டில் நின்றது. குல்தூம் சீமாட்டியைப் பிடித்துக்கொண்டு என் படலைக்கு வந்தாள். வரிசையில் அடுத்தவள் ஆசியா உம்மா. அவள் அன்றைக்கு மகளின் பிள்ளைப்பேற்றுக்காக ஆஸ்பத்திரியில் நின்றாள்.

"குணேஸ், இவள் உன்னட்ட அமானிதம். பாத்துக்கொள்" என்றாள் குல்தூம்.

அமானிதம் என்றால் விளையாட்டில்லை. நம்பித் தந்த பொருள், தந்தவர் கேட்கும் வரைக்கும் காப்பாற்றவேண்டும். அதை இருபது வருஷம் முஸ்லிம் சனத்தோடு இருந்த எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

"போயிட்டு வாறன்" என்றாள்.

"எப்ப?" என்றேன்.

"ஒரு வேளாண்மை வெட்டினாப் பிறகு. இன்ஷா அல்லாஹ்."

லொறி போன பிறகுதான் பார்த்தேன். சீமாட்டியின் கழுத்தில் குல்தூமின் கயிறு அப்படியே இருந்தது. பச்சைச் சீலைத்துண்டு சேர்த்து முறுக்கிய கயிறு, அவளே திரித்தது. அவள் அதை அவிழ்க்கவில்லை. அந்தக் கணமே எனக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. அவள் ஆட்டைக் கொடுக்கவில்லை, விட்டுவைத்திருக்கிறாள். ஆட்டுக்காக வருவாள்.

ஆஸ்பத்திரியால் வந்த ஆசியா உம்மாவிடம் அதைத்தான் சொன்னேன். கூட்டத்திலும் அதைத்தான் சொன்னேன். கயிறு அவிழ்க்கப்படவில்லை, தலைவி வருவா. சிவப்புப் பிளாஸ்டிக் கதிரை ஒன்றை ஒவ்வொரு கூட்டத்திலும் முன்னுக்கு வெறுமையாகப் போட்டேன். நான் பக்கத்தில் பாயில் இருந்து கூட்டத்தை நடத்தினேன்.

முசலியில் ஒரு போக நெல் வேளாண்மை வெட்டியாயிற்று. டெலிபோனில் கதைத்துவிட்டு வைக்கும்போது அவள் "போயிட்டு வாறன்" என்ற மாதிரி "பிறகு எடுக்கிறன்" என்பாள். நான் "எப்ப வாறாய்?" என்பேன். வீட்டுக்குக் கூரை போடட்டும் என்றாள். பிறகு யானை வேலியை உடைத்துவிட்டது என்றாள். பிறகு மகளுக்குப் பள்ளிக்கூடம் என்றாள். முதலில் வாரத்துக்கு ஒரு தரம் எடுத்தவள், பிறகு பெருநாளைக்கும் பொங்கலுக்கும் என்று ஆனாள். நானும் குறைந்தவள் இல்லை, கோபத்தில் இரண்டு தரம் டெலிபோனை எடுக்காமல் விட்டேன். விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு அவள் வேண்டும். சங்கத்துக்காக இல்லை, எனக்காக. சங்கத்து ஆடுகளை முறைபோட்டு மேய்ப்போம்; அந்த முறை எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நாளில் வரும்படி அவள்தான் ஒழுங்கு செய்திருந்தாள். கடல்நீர் தேங்கிய களப்போரத்தில் உடை மரத்துக்குக் கீழே போத்தல் தேத்தண்ணியோடு இருப்போம். ஆடுகள் கண்டல் இலையைக் கடிக்கும். அவள் கதைப்பாள், நான் சிரிப்பேன். சீமாட்டி முன்னால் போனால் பட்டி பின்னால் போகும், ஆகவே எங்களுக்கு வேலை அதிகம் இல்லை. அவள் போன பிறகும் சீமாட்டி முன்னால் போனாள். போத்தல் தேத்தண்ணியை நான் தனியாகக் குடித்தேன். பாதி மிஞ்சும். ஒரு ஆளுக்கு அளவாக ஊற்ற எனக்குக் கடைசிவரை கை வரவில்லை.

ஒரு தரம் ஆடுகள் மறுபடியும் பதுர்தீன் முதலாளியின் தோட்டத்துக்குள் போய்விட்டன. நான் கேற்றடியில் நின்று, "குல்தூம் வந்து உங்களோட கதைப்பா" என்றேன்.

"குல்தூம் எங்க?" என்றார் அவர். "நீங்கதானே ஈக்கிறீங்க. நீங்க கதைங்க."

எனக்குக் கதை வரவில்லை. அவரே ஆட்டை அவிழ்த்துவிட்டார். அந்த இரக்கம் எனக்குப் பிடிக்கவில்லை.

போன வருஷம் கால்நடை அலுவலகத்தால் எங்களைப் புத்தளத்துக்குக் கூப்பிட்டுத் தலைமைத்துவப் பயிற்சி ஒன்று வைத்தார்கள். குருணாகல் பக்கத்தில் இருந்து ஒரு மிஸ் வந்திருந்தா. தமிழ் இடையிடையே வழுக்கினாலும் மனம் நல்ல மனம். ஒவ்வொருவரும் எழும்பி "நான் தலைவி" என்று பலமாகச் சொல்லவேண்டும். மாடு வளர்க்கிறவர்கள், கோழி வளர்க்கிறவர்கள் எல்லாரும் சொன்னார்கள். என் முறை வந்தது. "நான் செயலாளர். எங்கட தலைவி முசலிக்குப் போயிருக்கிறா, வருவா" என்றேன். மண்டபம் சிரித்தது. மிஸ் சிரிக்கவில்லை. தேத்தண்ணி நேரம் என் பக்கத்தில் வந்து நின்றா.

"அக்கா, ஒங்கட கூட்டத்தில யாராவது கேள்வி ஒண்ணு கேட்டா, மத்தவங்க யார்ட முகத்தைப் பாக்கிறாங்க? ஒரு நாளைக்கு அத மட்டும் பாருங்க."

வெறுங் கதிரையைத்தான் பார்ப்பார்கள் என்று எனக்குள் சொல்லிக்கொண்டு பட்டிஸ் ஒன்றை எடுத்துக் கடித்தேன்.

ஆசியா உம்மா என்னோடு ஒரு நாளும் சண்டைக்கு வந்ததில்லை. வந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும், சண்டை எனக்குப் பழக்கம். கரையில் கருவாடு காயவைத்துப் பிழைக்கிற மனுஷி. சீமாட்டி வருவாள் என்று பலகை அடித்து ஆட்டுப் பரண் ஒன்று கட்டி வைத்திருந்தாள். "இடையில வேற குட்டி ஒண்டு தாறன் உம்மா" என்று ஒரு தரம் கேட்டேன்.

"குட்டி வளந்து பால் தாற வரைக்கும் நான் உசிரோட ஈப்பனா மகள்? எனக்கு விழுந்தது சீமாட்டிதானே. பரவாயில்ல, பரண்ல வெறகு அடுக்கி ஈக்கி" என்றாள்.

அந்த விறகை நான் பார்த்திருக்கிறேன். அவள் வீட்டு ஒழுங்கையால் போகும்போது மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு போகப் பழகியிருந்தேன்.

குல்தூம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வருவதாக ஆளிடம் சொல்லி அனுப்பினாள். சனிக்கிழமை முழுக்க நான் சீமாட்டியோடு மினக்கெட்டேன். குளம்பு சீவினேன், கழுவினேன், உண்ணி பார்த்தேன். மகாலிங்கம் வந்து பார்த்துவிட்டு, "பொட்டு வைக்காதது ஒண்டுதான் குறை" என்றார். ஆட்டைக் கண்டால் அவளுடைய மனம் மாறும் என்று நம்பினேன். பதியுதீன் முசலியில் வயலைப் பார்க்கட்டும், இவள் இங்கே பிள்ளைகளைப் படிப்பிக்கட்டும், அப்படி எத்தனை குடும்பம் இரண்டு இடத்தில் இருக்கிறது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அப்படியெல்லாம் நம்பினேன்.

அவள் வந்தாள். நன்றாகக் கறுத்துப் போயிருந்தாள். கையைப் பிடித்தபோது உள்ளங்கை மண்வெட்டிப் பிடிபோல இருந்தது. கட்டிப்பிடித்து என் தோளில் முகத்தை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கொட்டிலுக்குப் போய்ச் சீமாட்டியின் காதைத் தடவினாள். சீமாட்டி அவளுடைய கையை மணந்து பார்த்துவிட்டுக் குழைக்குத் திரும்பிவிட்டாள். குல்தூம் சிரித்தாள். கழுத்துக் கயிற்றை இரண்டு விரலால் தொட்டாள்.

சனசமூக நிலையத்தில் எல்லாரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். நான் சிவப்புக் கதிரையைத் துடைத்து முன்னுக்குப் போட்டேன். அவள் அதைத் தாண்டிப் போய் ஆசியா உம்மாவுக்குப் பக்கத்தில் பாயில் இருந்தாள். விருந்தாளி வெட்கம் என்று நினைத்துக்கொண்டு கூட்டத்தைத் தொடங்கினேன். தடுப்பூசிக்கு மிருக வைத்தியர் வருகிற நாளைச் சொன்னேன். மழைக்கு முன்னம் பொதுக் கிடாயின் கொட்டிலுக்குக் கூரை மாற்றவேண்டும் என்றேன். "வேற ஏதும் இருக்கா?" என்று கேட்டேன்.

குல்தூம் கையை உயர்த்தினாள்.

"செயலாளருக்கு ஒரு கேள்வி. ஊருக்குப் போன உறுப்பினர் உம்மு குல்தூமின்ட ஆடு ஏன் இன்னும் வரிசையில அடுத்தவக்குப் போகேல்ல?"

பகிடி என்றுதான் முதலில் நினைத்தேன். சிரிக்கக்கூட வாயைத் திறந்தேன். அவள் சிரிக்கவில்லை. பாயின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேள்வி விழுந்தால் பதிலுக்கு அவளுடைய முகத்தைப் பார்ப்பதுதான் என் பழக்கம். பார்த்தேன். அவள் நிமிரவில்லை.

பிறகுதான் மற்றவர்களைப் பார்த்தேன். ஒருத்தியும் குல்தூமைப் பார்க்கவில்லை. கதிரையைப் பார்க்கவில்லை. எல்லாரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குருணாகல் மிஸ்ஸின் நினைவு வந்தது, அந்த நேரத்தில் அவவிலும் எனக்குக் கோபம் வந்தது.

ஒரு வசனம் போதும், நான் தப்பிவிடலாம். கயிற்றை அவிழ்க்காமல் போனது நீதானே, அமானிதம் என்று சொன்னது நீதானே. அது நாக்கு நுனியில் நின்றது. அதற்குள் ஆசியா உம்மா தன் பையைத் திறந்தாள். கருவாட்டு மணம் வந்தது. வெற்றிலைச் சுருளுக்கும் குடைக்கும் கீழே இருந்து ஒரு கயிற்றை எடுத்து மடியில் வைத்தாள். ஒரு தரமும் கட்டாத தும்புக் கயிறு. பைக்குள் கிடந்து கிடந்தே மங்கிப் போயிருந்தது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் அதைக் கொண்டுவந்திருக்கிறாள். நான் ஒரு தரமும் கண்டதில்லை.

"எழும்புங்கோ" என்றேன். என் குரல் எனக்கே கொஞ்சம் பெரிதாகக் கேட்டது. "எல்லாரும் எழும்புங்கோ. கொட்டிலுக்குப் போவம். ஆசியா உம்மா, கயிறை எடுத்துக்கொண்டு வாங்கோ."

பட்டியைப்போல எல்லாரும் என் பின்னால் வந்தார்கள். குல்தூமும் வந்தாள், கடைசியில்.

முடிச்சு இறுகிப் போயிருந்தது. மூன்று வருஷ மழையும் வியர்வையும் சேர்ந்து கல்லாக்கிவிட்டிருந்தன. குல்தூம் போட்ட முடிச்சு. நகத்தால் கிண்டினேன், வரவில்லை. யாரோ கத்தி தரவா என்று கேட்டார்கள். கயிற்றை வெட்டக்கூடாது. பல்லால் கடித்து இழுத்தேன். கண் மங்கியது, முடிச்சுத் தெரியவில்லை, கையால் தடவித் தடவித்தான் அவிழ்த்தேன். யாரும் உதவிக்கு வரவில்லை. அவளும் வரவில்லை. கயிறு கழன்றதும் சீமாட்டி கழுத்தை ஒரு தரம் உதறினாள். ஆசியா உம்மா "பிஸ்மில்லாஹ்" சொல்லித் தன் கயிற்றைக் கட்டினாள். கூட்டிக்கொண்டு நடந்தாள். குட்டி பின்னால் துள்ளிக்கொண்டு போனது. சீமாட்டி திரும்பிப் பார்க்கவில்லை, ஆடு ஏன் பார்க்கப்போகிறது.

நான் பச்சைச் சீலை முறுக்கிய கயிற்றைக் குல்தூமிடம் நீட்டினேன். "இந்தா, உன்ர கயிறு."

அவள் வாங்கவில்லை. "குடுத்தவ நீ. குடுத்தவதான் வைச்சிருக்கவேணும்" என்றாள். "உன்ட வளையில கொழுவு."

அன்று மாலை எங்கள் வீட்டுக் குசினியில் அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு நான் ஆடித் தீர்த்தேன். எல்லாருக்கும் முன்னால் வைத்து என் மூக்கை அறுத்துவிட்டாய் என்றேன். அவள் தேத்தண்ணியைக் கடைசித் துளிவரை குடித்தாள்.

"றிஸ்மின் முசலிக்கு வந்த நேரம் சொன்னான், ஆசியா உம்மா பரணில விறகு அடுக்கியிருக்கிறா எண்டு" என்றாள். "உன்னத் தனிய வைச்சுக் கேட்டிருந்தா நீ அழுதிருப்பாய். நீ அழுதா நான் சரி விடு எண்டிருப்பன். பிறகு ஆடு இங்கதான் நிண்டிருக்கும்."

"அப்ப ஏன் அண்டைக்குக் கயிறை அவிழ்க்காமப் போனனீ? பாக்கியம்மா அவிழ்த்தாள்தானே. உனக்கென்ன?"

அவள் வெறுங் கோப்பையை உருட்டிக்கொண்டிருந்தாள். "கை வரேல்ல" என்றாள். "உன்ட படலையில நிண்டுகொண்டு அத அவிழ்க்க எனக்குக் கை வரேல்ல, குணேஸ். அவிழ்த்தா அதோட முடிஞ்சுது எண்டு இருந்தது. நான் போட்ட சட்டம், என்னால ஏலாமப் போச்சுது."

என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. இத்தனை நாளும் நான் மட்டும்தான் கயிற்றின் இந்த முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

"அங்கயும் ஒரு சங்கம் தொடங்கியிருக்கிறம்" என்றாள் பிறகு. "ஆடு இன்னும் வரேல்ல. கூட்டம் மட்டும் நடக்குது. நான் கதைச்சு முடிச்சுப்போட்டுப் பக்கத்தில திரும்பிப் பார்ப்பன், நீ எழுதிப்போட்டியா எண்டு. அங்க ஆரும் இல்லை." கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, "அந்தச் சிவப்புக் கதிரையில நீ இரு. சும்மா போட்டுவைச்சாப் பிளாஸ்டிக் வெடிச்சுப்போகும்" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம்.

காலையில் புத்தளம் பஸ்ஸுக்கு அவளோடு றோட்டுக்கு வந்தேன். அன்றைக்கு மேய்ப்பு முறை எனக்கு. கையில் கம்பும் தேத்தண்ணிப் போத்தலும் இருந்தன. வழமையாகப் பட்டி என் படலையில் இருந்துதான் புறப்படும். இன்றைக்கு ஆசியா உம்மாவின் ஒழுங்கையால் சீமாட்டி வெளியே வந்தாள், கழுத்தில் தும்புக் கயிறு. படலை படலையாக மற்ற ஆடுகள் வந்து அவளுக்குப் பின்னால் சேர்ந்தன. எல்லாமாகச் சேர்ந்து றோட்டைக் கடக்கும்போது பஸ் வந்துவிட்டது. சாரதி ஹோர்ன் அடித்தார். சீமாட்டி அவசரப்படவில்லை. பஸ்தான் நின்றது.

குல்தூம் மிதிபலகையில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் குனிந்தாள்.

"போயிட்டு வாறன், குணேஸ்."

"எப்ப?" என்ற அந்த ஒரு சொல் என் வாய் வரைக்கும் வந்தது. மூன்று வருஷமாகக் கேட்டு வந்த சொல்.

"ஓம், போயிட்டு வா" என்றேன்.

அவள் இன்னும் கொஞ்சம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், நான் கேட்பேன் என்று காத்திருந்தவள்போல. அதற்குள் ஆடுகள் பதுர்தீன் முதலாளியின் வேலிப் பக்கம் திரும்பத் தொடங்கிவிட்டன. நான் கம்பை எடுத்துக்கொண்டு அவற்றுக்குப் பின்னால் நடந்தேன். பஸ் புறப்படுகிற சத்தம் கேட்டபோது நான் பாதி வழி போயிருந்தேன்.